மட்டக்குதிரைப் பந்தயம்

எங்கள் ராயபுரத்துக்கு நூல் மூட்டை ஏற்றிவரும் குதிரைவண்டிக்காரர் அவர். ஒல்லியான, நெட்டை மனிதர். சாட்டையே வைத்துக்கொள்ள மாட்டார். மேடு வந்தால் இறங்கித் தன் மட்டக்குதிரையோடு நடப்பார்.

பொங்கல் பந்தயத்தில் எப்போதும் உயரக் குதிரைகள்தான் ஜெயிக்கும். "இதுக்குப் பாய்ச்சல் வராதுங்க, பாரம் இழுக்கத் தெரியும். மூட்டையோட ஓட உடுங்க" என்று ஊராரிடம் மன்றாடி, மட்டக்குதிரைகளுக்குத் தனிப் பந்தயம் வாங்கினார். அந்த வருடம் அவர் குதிரையே ஜெயித்தது.

மறுவருடம் நிறைய மட்டக்குதிரைகள் வந்தன. எல்லாவற்றின் முதுகிலும் சாட்டைத் தழும்பு. ஒன்று எல்லைக்கோட்டில் விழுந்து செத்தது.

"உங்க குதிரை ஓடலீங்களா?" என்றேன்.

"இல்லீங்க. பந்தயத்துக்கு ஆவாதுன்னு இருந்தவரைக்கும் இதுகள யாரும் இப்படி அடிக்கலீங்க."

பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் எல்லைக்கோட்டில் நின்று, ஓடிவந்த குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினார். ஜெயித்தவருக்கு மாலை போடக் கூப்பிட்டால் மட்டும், காது கேளாதவர்போல் வாளியைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.