நைனாவை அழித்த ரப்பர்

ரப்பர் தேய்க்கும் வாசனை வந்தாலே எனக்கு மூன்றாம் வகுப்புதான் ஞாபகம் வருகிறது.

திருத்தணியில் எங்கள் பள்ளியைப் பார்வையிட ஆபீசர் வரப்போகும் வாரம் அது. 'என் தந்தை' கட்டுரையை டீச்சர் போர்டில் எழுதிப்போட்டிருந்தார். நானோ, எங்கள் நைனா பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுவதையும், அந்தச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமானதையும் எழுதினேன்.

"இன்னாடி எழுதிகினு இருக்கற? அழி. எல்லார் நோட்லயும் ஒரே மாதிரி இருக்கணும்" என்றார் டீச்சர். தாள் கிழியும்வரை தேய்த்துவிட்டு, போர்டில் இருந்ததையே எழுதினேன்.

வீட்டில் நைனா ஆசையாகப் படிக்கச் சொன்னார். "என் தந்தை தினமும் அலுவலகம் செல்கிறார்" என்று அவர் காதருகே கத்திப் படித்தேன்.

"யாரும்மா அது?" என்றார்.

இப்போது என் மகளின் பள்ளியில் எழுத்துத்திறன் வாரமாம். 'என் அம்மா' கட்டுரையில், நான் பெட்ரோல் பங்கில் வேலை செய்வதை அவள் அழித்துக்கொண்டிருக்கிறாள்.