குங்குமக் கிணறு

எனக்குப் பத்து வயதிருக்கும். ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலையில் தெருக் கிணற்றில் முதலில் தண்ணீர் இறைத்தவள் நான்தான். வாளி மேலே வந்ததும் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது. கயிற்றை விட்டுவிட்டு அலறினேன்.

எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். “ஆத்தா வந்துட்டாம்மா! குங்குமமா பொங்கிக்கினு வருது பாருங்க!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அரை மணியில் கிணற்றடியில் வேப்பிலை, கற்பூரம், கூட்டம். பத்தடி தள்ளி நின்றே அரக்குச் சிவப்பையும் மாந்துளிர்ச் சிவப்பையும் பிரித்துச் சொல்லும் நெசவாளர் தெரு அது. அன்றைக்கு ஒருவருக்கும் அந்த நிறம் பிடிபடவில்லை. தெருவில் பாதிப் பேருக்கு என் மாமாவின் சாயப்பட்டறையில்தான் வேலை.

தீர்த்தம் என்று நானும் ஒரு கை அள்ளி வாயருகே கொண்டுபோனேன். அம்மா பளாரென்று அறைந்தாள். சாமி தீர்த்தத்துக்கு அடியா! என்னை இழுத்துக்கொண்டு நேராகத் தன் அண்ணனின் பட்டறைக்குப் போனாள். கொல்லையில் மூங்கில் கழிகளில் அதே நிறத்தில் பட்டுநூல் காய்ந்துகொண்டிருந்தது. நூல் அலசிய தண்ணீர் பக்கத்துக் குழியில் தேங்கி நின்றது.

“உன் சாயத்தண்ணிதான் கிணத்துல இறங்குதுண்ணா. புள்ளைங்க குடிக்குது. குழிய மூடு.” அம்மா குழியைக் கைகாட்டினாள்.

“மூடிட்டா இத்தினி குடும்பமும் கஞ்சிக்கு எங்கம்மா போவும்? தொழில் பெருசாவட்டும். நாலு காசு வந்தா நானே நல்ல தண்ணி குடுக்கிறேன்.”

கிணற்றுக்குக் குங்குமக் கிணறு என்று பெயர் வைத்து, சுற்றிலும் கம்பி கட்டிக் கும்பிட ஆரம்பித்தார்கள். மாமாவும் சொன்ன சொல் தவறவில்லை. மறுவருஷமே தெருக்கோடியில் அடிபம்பு போட்டார். முதல் சொம்பை என்னைத்தான் குடிக்க வைத்தார்கள். பளிங்குபோல் தண்ணீர். மாமாவை நினைத்து எனக்கு அப்படியொரு பெருமை. அம்மா மட்டும் விழாவுக்கு வரவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு தெரு தள்ளியிருந்த கிணற்றுக்குப் போய்விட்டாள். கூடப்பிறந்தவர் மேல் இவ்வளவு வன்மமா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பம்புக்கு இருபதடி தள்ளி மாமாவின் இரண்டாவது பட்டறை எழும்பிக்கொண்டிருந்தது. அதன் கொல்லையில் புதிதாக வெட்டிய குழி, பக்கத்தில் மலையாக மண். வயிறு முட்டப் பம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நாங்கள் சறுக்கி விளையாடத்தான் மாமா மண்ணைக் குவித்து வைத்திருக்கிறார் என்று நினைத்து, அன்று பொழுது சாயும்வரை சறுக்கிக்கொண்டிருந்தேன்.