ஜப்பானில் செய்த மூடி

அலுவிகாரையில் இருக்கும் என் மச்சான் செல்வம் ஆளுயர வெளிநாட்டு ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க அதற்கேற்ற ப்ரீஆம்ப் பெட்டி வாங்கக் காசு மிஞ்சவில்லை.

என்னுடைய பழைய மலிவு ப்ரீஆம்பை இரவல் வாங்கி, லேஸ் துணியால் மூடி வைத்துவிட்டார். சத்தம் கூட்டும் திருகு தொலைந்துபோய், நான் டூத்பேஸ்ட் மூடி மாட்டிய பெட்டி அது.

இன்று கண்டியிலிருந்து அவருடைய சம்பந்தி பாட்டுக் கேட்க வந்தார்.

"சொல்லிப்புடாதீங்க மச்சான், மானம் போயிரும்" என்று செல்வம் என் காதைக் கடித்தார்.

பாட்டு தொடங்கியது. "என்னா தெளிவுங்க! இன்னுங் கொஞ்சம் கூட்டுவோமே" என்று சம்பந்தியே எழுந்துபோய்த் துணியைத் தூக்கினார்.

டூத்பேஸ்ட் மூடியில் விரலை வைத்தபடி செல்வத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இது என்னாங்க, புது மாதிரியா இருக்கு?"

"ஜப்பான்ல சொல்லிச் செஞ்சதுங்க" என்றார் செல்வம்.

சம்பந்தி தனக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

யார் வீட்டிலாவது பேஸ்ட் முடிந்திருந்தால் மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜப்பானில் அவசரமாகத் தேவைப்படுகிறது.