கதவைத் திறந்த அண்ணன்

கங்காராம் தளவிக்கு ஸ்டுடியோவில் உத்தரத்தின் மேல் உட்கார்ந்து விளக்கைத் திருப்புகிற வேலை. கீழே நடிகைகள் கண்ணீர் விடுவார்கள், மேலே இவர் வியர்வை விடுவார். வாழ்நாளில் ஒரே ஒரு கதை சொன்னார், அதையும் பொய்யாகச் சொன்னார். அதைப் போய் பம்பாய் சினிமாவே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

தல்வார் சாகேப் அப்போது உச்சத்தில் இருந்தார். அடுத்தடுத்து இரண்டு படங்கள் வெள்ளிவிழா. அவர் என்ன செய்தாலும் மற்ற டைரக்டர்கள் அப்படியே செய்த காலம். மூன்றாவது படத்துக்குக் கதை பேச உட்கார்ந்தபோது பாதியில் வண்டி நின்றுவிட்டது. புருஷன் வீட்டை விட்டு வந்த பெண்ணை அப்பா உள்ளே விடவில்லை. அப்புறம்? எழுத்தாளர்கள் திருதிருவென்று விழித்தார்கள். அப்படி மாட்டிக்கொண்டால் சாகேப் சமையல்காரரைக்கூடக் கேட்பார்.

"கங்காராம், நீ சொல்லுப்பா. உன் வீட்டுல இப்படி நடந்தா என்ன பண்ணுவே?"

நடந்திருந்தது. பரேலில் அவர்கள் குடியிருந்த சாலில், மாடி மாடியாக ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள அந்தக் கட்டடத்தில், பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. அடைமழையில் அவர் தங்கை வத்சலா டிரங்குப் பெட்டியோடு வந்து நின்ற மத்தியானம், அப்பா எழுந்து கதவைச் சாத்தினார். அந்தச் சத்தத்துக்கே மாடி முழுக்க வெளியே வந்துவிட்டது. கங்காராம் உள்ளேதான் இருந்தார், தட்டில் சோள ரொட்டி இருந்தது. தங்கை கதவைத் தட்டத் தட்ட, அதைத் தின்று முடித்தார். வத்சலாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் மூன்றாம் வீட்டு அனசூயாபாய்.

இதைத்தான் சாகேபிடம் சொல்ல ஆரம்பித்தார். ரொட்டித் தட்டு வந்ததும் கதையை மாற்றினார்.

"அண்ணன்காரன் சோத்தை விட்டு எந்திரிச்சான் சாகேப். அப்பாவைத் தள்ளிட்டுக் கதவைத் தெறந்துட்டான்."

சாகேப் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "அந்த அண்ணன் நீதானே?"

கங்காராம் தலையைக் குனிந்தார். அடக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அண்ணன் கதவைத் திறந்ததும் தியேட்டரே விம்மியது. அப்புறம் யார் எடுத்த படமானாலும் மழை, பெட்டி, கதவு, அண்ணன். எந்த ஸ்டுடியோவுக்குப் போனாலும் அந்தக் கதவின் மேலேயே இவர் வெளிச்சம் அடிக்க வேண்டியிருந்தது. கூசிப்போனார் மனிதர்.

சாகேபின் அந்த மூன்றாவது படத்தின் வெள்ளிவிழாவுக்குச் சால் முழுக்க அழைப்பு. சாகேப் மேடையில் அவர் கையைத் தூக்கிப் பிடித்தார்.

"கைதட்டுங்க! அந்த அண்ணன் இவர்தான்!"

அரங்கம் அதிர்ந்தது. பின்வரிசையிலிருந்து மேல்வீட்டு பிக்காஜியின் குரல் கேட்டது.

"எந்தக் கதவுடா கங்கா? ரொட்டியைத் தின்னு முடிச்சியா இல்லையா?"

சால்காரர்கள் சிரித்தார்கள். வத்சலா சிரிக்கவில்லை. அனசூயாபாய் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாரையும் போலக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கைதட்டல்தான் அவரைக் கொன்றது. மேடை பிளந்து உள்ளே விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை, பரிசாகக் கொடுத்த கேடயத்தைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் வீட்டு வாசலில் போய் நின்றார். வத்சலா அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள். அப்பா செத்த பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டும் அவள் அண்ணன் வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. இன்றைக்காவது வருவாள் என்று ஒரு நப்பாசை.

"வத்சி, நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியுமே. நான்தானே வெளிய நின்னேன்."

உள்ளேயிருந்து அனசூயாபாய், "உக்காரச் சொல்லுடி, பாவம், சினிமாக்காரர்" என்றாள்.

அவர் உட்காரவில்லை. "இது உனக்குத்தாம்மா சேரணும். நம்ம வீட்டுக்கு வந்துடு. உன் கால்ல வேணாலும் விழறேன்."

வத்சலா கேடயத்தைப் பார்த்தாள். அப்பளக் குழவியைக் கீழே வைத்தாள். குரலில் கோபம் துளியும் இல்லை.

"படத்துல நான் உள்ள வந்துட்டேனே அண்ணா. நல்லா அழுதுட்டேன். அதுவே போதும்."

மறுபடி குழவியை எடுத்துக்கொண்டாள். கங்காராம் கேடயத்தோடு திரும்பி நடந்தார். அவர் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது.