லேபிள் ஒட்டாத பாட்டு

மெட்டுப் போடுவதுதான் என் தொழில் என்று விருதுநகரில் யாரிடம் சொன்னாலும், "அது சரி, வேலைக்கு எங்க போறீக?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். பட்டாசுக் கம்பெனி விளம்பரம், கோயில் கொடைப் பாட்டு, சடங்கு வீட்டு அழைப்பு வீடியோவுக்குப் பின்னணி இசை என்று கீபோர்டைத் தட்டியே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. எங்கேயோ ஓர் ஊரில் இதேபோல் தட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்குத்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

தும்மல்

என் ஸ்டுடியோ ஒரு மிளகாய் வத்தல் கிடங்குக்கு மேல் மாடியில் இருக்கிறது. வாடகை குறைவு என்று பிடித்தேன். ஏன் குறைவு என்பது முதல் பாடகர் வாயைத் திறந்த அன்றே தெரிந்துவிட்டது. கீழே மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் மேலே பல்லவி நின்றுவிடும். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினேன், கதவிடுக்கில் பழைய போர்வையைத் திணித்தேன். சத்தம் அடங்கியது, காரம் அடங்கவில்லை. சாத்தூரிலிருந்து அம்மன் பாட்டுப் பாட வந்தவர் ஒரு சரணத்துக்குள் பதினோரு தடவை தும்மிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மாஸ்டர், இங்கன பாட்டு எடுக்கீகளா, மொளகாப்பொடி இடிக்கீகளா?"

கருவி தேடிய கதை

அவரவர் வீட்டிலேயே பாடி அனுப்பட்டும், இணையத்தில் ஒன்றாகக் கோத்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பிறகுதான் தேட ஆரம்பித்தேன். ஒரே பாட்டை நாலு ஊரிலிருந்து நாலு பேர் திறந்து, ஆளுக்குக் கொஞ்சம் சேர்க்கிற தளங்கள் இருக்கின்றன என்றார்கள். இருக்கத்தான் செய்கின்றன. ஒன்றில் மூன்று பாட்டு வரைக்கும் இலவசம், நாலாவதுக்குக் கார்டு நம்பர் கேட்டது. இன்னொன்றில் எல்லாமே இலவசம். பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தால், நாம் ஏற்றுவது எல்லாம் அவர்களுக்கே சொந்தம். மூன்றாவதை உயிரைக் கொடுத்துப் பழகினோம். ஒரு நாள் காலையில் திறந்தால், 'சேவை நிறுத்தப்பட்டது, நன்றி' என்று இருந்தது. எங்கள் ஏழு பாட்டும் அதோடு போயிற்று. அவர்களிடம் நன்றியை யார் கேட்டது?

கடைசியில் ஒன்று ஓரளவு அமைந்தது. என்னோடு உருமி வாசிக்கும் முனியசாமியை உட்காரவைத்துக் காட்டினேன். ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றுகிறவர், வேலை இல்லாத நாளில் உருமியோடு வருவார். திரையில் ஐம்பது வகை மேளத்தின் படம் இருந்தது, உருமி மட்டும் இல்லை. போகட்டும் என்று அவர் வாசித்ததைப் பதிந்து ஏற்றினேன். அந்தக் கருவி யாரையும் கேட்காமல், அவருடைய இழுவைகளை எல்லாம் கட்டம் கட்டமாக நறுக்கி நேராக்கிவிட்டது. முழுக்கக் கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மாஸ்டர், இது சாமி வந்தவனை வரிசையில நிக்கச் சொல்லுது."

முதலாளிக்கு விளக்கியது

நேராக்குகிற பொத்தானை அணைக்கக் கற்றுக்கொண்டோம். அடுத்தது உரிமம். நாங்கள் திறந்த உரிமத்தைத் தேர்ந்தெடுத்தோம். யாரும் எங்கள் பாட்டை எடுக்கலாம், பாடலாம், மாற்றலாம். செய்தவர்களின் பெயரை மட்டும் போட வேண்டும். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் இப்படிக் கொடுத்த ஒலிகளை எடுத்துத்தான் நானே தொழிலை நடத்துகிறேன். நாமும் கொடுப்போமே என்ற நல்ல எண்ணம்தான்.

சிவகாசியில் ஒரு பட்டாசு முதலாளிக்கு விளம்பர இசை செய்து கொடுக்கப் போன இடத்தில் இதைப் பெருமையாக எடுத்துச் சொன்னேன். பட்டாசு வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. சின்னக் கம்பெனிக்காரர் பெயர் போடாமல் சரக்கு செய்து கொடுப்பார், வாங்குகிற பெரியவர் தன் லேபிளை ஒட்டி விற்பார். முதலாளி புது லேபிள்களின் மாதிரியைப் பார்த்தபடியே நான் சொன்னதைக் கேட்டார். பெயரைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும்போது கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவர் சொன்னதற்கு நானும் அன்றைக்குச் சிரித்தேன், அதுதான் இப்போதும் எரிகிறது. "இதுக்கு எதுக்குத் தம்பி இம்புட்டு வெளக்கம்? லேபிள் ஒட்டாத சரக்குன்னு சொல்லுங்க, போதும்."

வெட்டிய அடி

இருக்கன்குடி ஆடித் திருவிழாவுக்கு ஒரு மாரியம்மன் பாட்டுக் கட்டினோம். மெட்டு நான், உருமி முனியசாமி, குரல் செல்லக்கனி. அதே முதலாளியின் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற பெண். அவள் ஊரில் முளைப்பாரிக்குக் கும்மி பாட அவளை விட்டால் ஆள் கிடையாது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குப் பதிவு. எதிரொலி வராமலிருக்க பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு நடுவே தலையை விட்டுப் பாடி அனுப்புவாள். அப்படி ஒரு குரல் இத்தனை வருஷத்தில் என் ஸ்டுடியோ படி ஏறி வந்ததில்லை.

அவர்கள் ஊரில் கும்மி பாடுகிறவள் கடைசி அடியில் தன் பெயரையும் ஊரையும் சொல்லித்தான் முடிப்பாள். செல்லக்கனியும் அப்படித்தான் முடித்திருந்தாள். அந்த அடியை நான் வெட்டிவிட்டேன். நாகரிகமாக இல்லை என்று எனக்குப் பட்டது, உண்மைக் காரணம் அதுதான். அவளிடம் சொன்ன காரணம் வேறு. உன் பெயர் உரிமத்திலேயே வந்துவிடும், உலகத்துக்கே தெரியும் என்று அளந்தேன். போனிலேயே கேட்டாள். "நாள் பூரா ஊரான் பேரைத்தான் ஒட்டுறேன். எம்பேரு ஒரே ஒரு எடத்துல வந்தாப் போதும். கட்டாயம் வருமாண்ணே?"

நீங்கள் உரிமையாளர் அல்ல

சத்தியம் செய்யாத குறையாக, வரும் என்றேன். மூன்று பெயரையும் போட்டுத்தான் பாட்டை ஏற்றினேன். ஆடி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அந்தப் பட்டாசுக் கம்பெனியின் திருவிழா வாழ்த்து வீடியோ போன் போனாகச் சுற்றியது. பாட்டு எங்களுடையது, ஓர் எழுத்துகூட மாறவில்லை. கீழே, 'இசையும் குரலும் எங்கள் குழு' என்று அவர்கள் வைத்திருக்கும் விளம்பர ஆபீசின் பெயர். மறுவாரம், பாட்டு தங்களுடையது என்று அந்த ஆபீஸ் உரிமை கோரியதால், நான் ஏற்றிய பாட்டையே தளத்துக்காரர்கள் முடக்கிவிட்டார்கள். இதற்கு நீங்கள் உரிமையாளர் அல்ல என்று எனக்கே கடிதம். நாலு தடவை முறையிட்டேன். நாலு தடவையும் ஏதோ ஓர் எந்திரம் அதே மூன்று வரியை அனுப்பி, என் புரிதலுக்கு நன்றி சொன்னது.

ஆத்திரம் தாங்காமல் முதலாளியிடமே போனேன். தான் அங்கே வேலை பார்ப்பதை மூச்சு விடக் கூடாது என்று செல்லக்கனி முன்கூட்டியே கெஞ்சியிருந்தாள். சீசன் நேரத்தில் வாயாடி என்று பெயரெடுத்தால் அடுத்த நாள் வேலை இருக்காது. அதனால் 'பாட்டைச் செய்த மூன்று பேர்' என்று மென்று விழுங்கித்தான் பேச முடிந்தது. முதலாளி கோபப்படவே இல்லை, டீ சொன்னார். நான் அதைக் குடிக்கவும் செய்தேன். "தம்பி, யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு நீங்கதான சொன்னீக? எடுத்துக்கிட்டோம். இப்ப வந்து பேரு பேருன்னா எப்படி?"

ஆயுத பூஜை

அந்த ஆடியில் இருக்கன்குடிக்கு நடந்து போகிற வழியெல்லாம் ஒலிபெருக்கியில் அவள் குரல்தான். கூட நடந்தவர்களிடம், இது நான் பாடியது என்று சொல்லியிருக்கிறாள். சிரித்திருக்கிறார்கள். அந்தக் கடைசி அடி இருந்திருந்தால் அவள் யாரிடமும் சொல்ல வேண்டியிருந்திருக்காது, பாட்டே சொல்லியிருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. மறுபடி முழுசாகப் பாடித் தா, அடியோடு சேர்த்து ஏற்றுகிறேன் என்று கேட்டேன். பார்ப்போம்ணே என்றாள், அவ்வளவுதான்.

ஆயுத பூஜை அன்று கம்பெனியில் எல்லாரும் கூடியிருந்தபோது, லேபிள் பிரிவில் ஒரு பெண் நன்றாகப் பாடும் என்று யாரோ முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். நம்ம வீடியோப் பாட்டைப் பாடும்மா என்றாராம். பாடியிருக்கிறாள். கடைசி அடி நாக்கு நுனி வரைக்கும் வந்ததாம், விழுங்கிவிட்டாளாம். அவர் என்ன சொன்னார் என்று மறுநாள் போனில் கேட்டேன். அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை, சும்மா சொன்னாள். "'வீடியோவுல பாடுன பிள்ளை மாதிரியே பாடுதியேம்மா, இன்னுங்கொஞ்சம் பழகுனா அந்தக் கொரலு வந்துரும்'னாருண்ணே. சரிங்கய்யான்னு கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

நாலு ஊர்க்காரர்களை ஒரே பாட்டில் சேர்க்க இணையத்தில் எத்தனையோ கருவி கிடைக்கிறது சகோதரர்களே, பாடியவள் யார் என்று சொல்ல அவள் வாயைத் தவிர வேறு கருவி கிடையாது, அதைத்தான் நான் நாகரிகம் பார்த்து வெட்டி எறிந்தேன்.