ஒரே கேபிளில் இரண்டு சுவாமிகள்

ஹார்ட் டிஸ்க்கின் பின்பக்கம் குட்டிக் குட்டி ஊசிகள் நிற்கும். அவற்றில் இரண்டை மூடுகிற, நெல்மணி அளவு பிளாஸ்டிக் தொப்பிக்கு ஜம்பர் என்று பெயர். போன வாரம் பரணிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை இறக்கித் திறந்தேன். சாய்ந்த வெயில் விழுந்த தரையில் உட்கார்ந்து அந்த ஜம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மின்விசிறியின் நிழல் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு பேராகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த காலத்து மிஷின் அது. கூட்டாளி ஸ்ரீரங்கத்துக்காரர், கோயில் கைங்கர்யக் குடும்பம். நான் லால்குடிப் பக்கத்து வயல்காட்டு ஆள். ஒரே வயதுதான், ஆனாலும் அவர் என்னை 'ஓய்' என்பார், நான் அவரை 'வாங்க, போங்க' என்பேன். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டினால் எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று ஜம்பரை மாற்றிச் செருகித்தான் சொல்ல வேண்டும். அவர் வாயில் ஸ்லேவ் வராது. பெருமாள் முன்னால் தன்னைச் சொல்லிக்கொள்ளும் வார்த்தையே வரும்: அடியேன். மாஸ்டர் என்றால் சுவாமி. "ரெண்டு பேரும் சுவாமின்னு ஒக்காந்துண்டா மிஷின் எழுந்துக்காது, ஓய்" என்பார். கடை மிஷினில் அவர் டிஸ்க் சுவாமி, என்னுடையது அடியேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

கடை வாசலுக்குப் புதிதாக மாட்டவிருந்த பெயர்ப் போர்டில் யார் பெயர் முதலில் என்ற பேச்சு வந்தபோதுதான் வருத்தம் வந்தது. சிரிப்பாகத்தான் தொடங்கினோம். "உங்க பேரைப் பாத்தா ஆளு வருது? என் கையைப் பாத்துல்ல வருது" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை அவர் எனக்கு முன்பே வந்து, மேஜையில் தன் கடைச் சாவியை வைத்துவிட்டுப் போயிருந்தார். டிஸ்க்கை எடுத்துப்போகவில்லை. நான் ஆத்திரத்தில் என்னுடையதைச் சுவாமியாக்கினேன். அவருடையதைத் தொட மனம் வரவில்லை. மிஷின் எழுந்திருக்கவில்லை. ஊருக்கெல்லாம் இந்தக் கோளாறைச் சரிசெய்து கொடுத்தவன், வீம்புக்கு அதை அப்படியே மூடிப் பரணில் போட்டேன். பதினெட்டு வருடம் கிடந்தது.

போன வாரம் இடுக்கியால் என் ஜம்பரைப் பிடுங்கி, அடியேன் இடத்தில் செருகினேன். சுவிட்சைப் போட்டதும் டிஸ்க் தூக்கத்தில் புரள்பவர் மாதிரி முனகிச் சுழன்றது. அவருடைய திரை வந்தது. நடுவில் 'போர்டு' என்று ஒரே ஒரு ஃபைல். திறந்தால் என் பெயர் முதலில், பெரிதாக. அதன் கீழே அவர் பெயர். சாவியை வைத்துப்போன அன்று காலை செய்தது என்று தேதி சொன்னது. எனக்கு அழுகை வந்தது.

அவர் போன் எண்ணை விரல் மறந்திருக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"இப்பத்தான் தெறந்தீரா?" என்றார். குரலில் கோபமே இல்லை. "வாயால சொன்னா கேக்கமாட்டீர்னுதான் டிஸ்க்கை விட்டுட்டு வந்தேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஸ்ரீரங்கத்துக்கு இப்ப பஸ் இருக்குங்களா?" என்று வந்தது. சத்திரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ், அன்றைக்கும் இன்றைக்கும்.