ஹேட்டி முகட்டின் மேல் வெள்ளை விமானம்

விமானத்தின் மூக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகையில் போனைக் காதோடு அழுத்தியபடி டாயல் கெட்டரிங் மறுபடியும் கேட்கிறார். "இப்பவும் ஒண்ணும் இல்லையே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

மறுமுனையில் இருப்பவர் விமானிகளுக்கு வானிலையும் வழித்தடையும் சொல்பவர். அவருக்கு இந்தக் குரல் பழக்கம். "இல்ல டாயல். இப்பதான சொன்னேன். உங்க பாதையில எதையும் மூடல."

"இப்பதான சொன்னீங்க. அதுக்குள்ள மூடியிருப்பாங்களோன்னுதான் கேக்கறேன்."

டாயல், கார்விஸ் ஊரின் முடிதிருத்துபவர். ஞாயிறும் திங்களும் கடைக்கு விடுமுறை. அந்த நாட்களில் பழைய வெள்ளை விமானத்தை எடுத்துக்கொண்டு மலை தாண்டிப் போய், வேறொரு சின்ன ஓடுதளத்தின் கடையில் பான்கேக் தின்றுவிட்டுத் திரும்புவார். சட்டைப் பையில் எப்போதும் சீப்பு இருக்கும். கழுத்து முடியைத் தட்டும் மெத்தென்ற தூரிகையால் விமானத்தின் கருவிகள்மேல் படிந்த தூசியைத் தட்டுவார். உள்ளே ஏறினால் பெட்ரோலும் சவரப் பவுடரும் கலந்து மணக்கும்.

வயலுக்கு மருந்து தெளித்து ஓய்ந்த விமானி பெல்கி, கொட்டகை வாசலில் நின்று வம்பிழுப்பார். "பொண்டாட்டிக்குக்கூட நீ இத்தன போன் பண்ணதில்லயேப்பா."

"அவ கதவ மூடினா சத்தம் கேக்கும். இவங்க மூடினா கேக்காது."

வானத்தை மூடுவதென்றால் வேலி போடுவதில்லை. நாட்டின் தலைவர் வந்து இறங்கினால் மூடுவார்கள்; பந்தய மைதானம் நிரம்பினால் மூடுவார்கள்; காடு எரிந்தால், தண்ணீரும் தீயடக்கும் செம்மருந்தும் கொட்டும் விமானங்களுக்காக மூடுவார்கள். "கோடெல்லாம் வரைபடத்துலதான். மேல போனா எல்லாம் ஒரே நீலம்," என்பார் டாயல். புகை கண்ணில் பட்டால், படம் என்ன சொன்னாலும் அந்தப் பக்கம் போகமாட்டார். கிளம்புமுன் டேப்லெட்டில் பார்ப்பார், போனில் கேட்பார், இயந்திரத்தை முடுக்குமுன் இன்னொரு முறை கேட்பார். மேலே போனதும் கட்டுப்பாட்டு நிலையத்தைக் கூப்பிட்டுத் தான் இருக்கும் இடத்தைச் சொல்லி, கண் வைத்திருக்கச் சொல்வார். விமானத்தின் இரண்டு ரேடியோக்களில் ஒன்று எப்போதும் அவசர அலைவரிசையிலேயே கிடக்கும்.

போன கோடை வரைக்கும் அவர் இப்படி இருந்ததில்லை.

அன்று காலை வீட்டிலேயே டேப்லெட்டில் பார்த்தார். ஒன்றும் இல்லை. மிண்டன் ஓடுதளத்துக் கடையில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது டேப்லெட்டுக்கு அங்கே தொடர்பு கிடைக்கவில்லை. காலைப் படமே நின்றது. கடைக்குள் தொலைபேசி இருந்தது. 'பார்த்தாச்சே' என்று ஏறிவிட்டார்.

ஹேட்டி முகட்டை நெருங்கியபோது பள்ளத்தாக்கில் புகை பால்போலத் தேங்கி நின்றது. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது. முன்கண்ணாடியில் சாம்பல் இதழ் இதழாக ஒட்டிப் பறந்தது. புகை விலகிய இடத்தில் சாலை தெரிந்தது. ஒரு வண்டி இல்லை. ஒரு பட்டியில் குதிரைகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து அசையாமல் நின்றன. ஒரு வீட்டின் கூரைமேல் தண்ணீர் தெளிப்பான் சுழன்றுகொண்டிருந்தது, கொடியில் துணி காய்ந்தது, வாசல் கதவு திறந்து கிடந்தது. ஆளைக் காணோம்.

ரேடியோவில் கார்விஸ் ஓடுதளத்தின் அலைவரிசை. அதிலும் மூச்சுச் சத்தமில்லை. "கார்விஸ்ல யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். பதில் இல்லை.

அப்போது கீழே புகையின்மேல் ஒரு நிழல் வழுக்கிப் போனது. தன் நிழல் என்றே முதலில் நினைத்தார். ஆனால் அது அவர் விமானத்தைவிடப் பெரிதாக இருந்தது, வேறு பக்கம் போனது. மறுகணம் இடப்பக்கம் புகை கிழிந்து, சிவப்பு வால் கொண்ட பெரிய விமானம் ஒன்று எழுந்துவந்தது. அதை ஓட்டியவர் தலையைத் திருப்பி இவரைப் பார்த்ததைக்கூட டாயல் பார்த்தார். அது மறுபடி புகைக்குள் போய்விட்டது. அது கிளப்பிய காற்றில் இவர் விமானம் தகரடப்பாபோலக் குலுங்கியது.

அவசர அலைவரிசைக்கு மாற்றினார். ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஹேட்டி முகட்டுக்கு மேல இருக்கற வெள்ளை விமானம். கேக்குதா? உங்களுக்குக் கீழ எங்க தீயணைப்பு விமானங்க இருக்கு. மேற்கே திரும்புங்க." சற்று இடைவெளி. பிறகு அதே சொற்கள், அதே குரல். கோபமே இல்லை. வெகுநேரமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன குரல். செத்தவன் படுத்துக்கொண்டே, அடுத்த அறையில் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்பதுபோல இருந்தது டாயலுக்கு.

"நான்தான்," என்றார். "திரும்பறேன்."

"பேசிட்டீங்களா," என்றாள் அவள். "சரி. இனி எங்காளுங்க தண்ணி ஊத்தலாம்."

தன்னால் எல்லா விமானங்களும் தண்ணீர் கொட்டாமல் காத்திருந்தன என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அந்த இடைவெளியில் நெருப்பு ஓடையைத் தாண்டியது. தெளிப்பான் சுழன்ற அந்த வீடு போயிற்று. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஆர்டித் கோலியின் வீடு அது. அவரை அதற்கு முன்பே வெளியேற்றிவிட்டிருந்தார்கள். டாயலின் விமானி உரிமத்தைக் குளிர்காலம் முடியும்வரை நிறுத்திவைத்தார்கள். தன்னால்தான் நெருப்பு தாண்டியதா என்று தீயணைப்பு அதிகாரியைத் தேடிப்போய் டாயல் கேட்டார். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க வரலன்னாலும் தாண்டியிருக்கும். தாண்டாமலும் போயிருக்கும். யாருக்குத் தெரியும்?"

திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு கடையில் ஆளில்லாத நேரங்களில், கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெண்குரல் பின்னாலிருந்து நிதானமாகக் கூப்பிடும். திரும்பிப் பார்த்தால் காலி நாற்காலி.

இந்த வசந்தத்தில் உரிமம் திரும்பி வந்தது. சில வாரம் கழித்து ஒரு திங்களன்று ஆர்டித் கோலி கைத்தடியை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"என்னை ஒருதரம் மேல கூட்டிட்டுப் போ. ரோட்ட இன்னும் தெறக்கல. இடத்தப் பாக்கணும்."

டாயல் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார். "என்கூடவா? பெல்கி வருவாரே..."

"அவனா? அவனுக்கு எதுக்கும் பயமில்ல. இந்த ஊர்லயே ரொம்பப் பயந்தவன் இப்ப நீதான். உன்கூட ஏறினாத்தான் எனக்குத் தைரியம்."

அன்று போன்காரர் வழக்கத்தைவிட அதிகமான கேள்விகளுக்குப் பதில் சொன்னார். வானம் எங்கேயும் மூடவில்லை.

முகட்டின்மேல் எரிந்த மரங்கள், மழிக்காத தாடிபோலக் குத்திக்கொண்டு நின்றன. காற்றில்கூட அசைவதற்கு அவற்றில் ஒன்றும் மீதியில்லை. ஓடைக்கரையில் ஒரு புகைபோக்கி மட்டும் தனியே எழுந்து நின்றது. டாயல் அதைச் சுற்றி வட்டமிட்டார்.

ஆர்டித் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒடம்புக்கு முடியலயா?" என்றார் டாயல். அது அவருக்குக் கேட்கவில்லை. சன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

டாயல் தன் காதிலிருந்ததை ஒருபக்கம் விலக்கி, இயந்திரத்தின் விசைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தார். இரைச்சல் அடங்கியது. விமானம் காற்றின் விசிலோடு மெல்ல இறங்கத் தொடங்கியது. இப்போது கேட்டது.

"மேபல்... மேபல்... வாடி."

வெளியேற்றிய அன்று வண்டிக் கதவு வழியே பாய்ந்து ஓடிய ஆர்டித்தின் பூனை. மளிகைக்கடை வாசலில் அதன் படம் குளிர்காலம் முழுக்க ஒட்டியிருந்தது.

டாயல் ஒரு கையால் விமானத்தை வட்டத்தில் பிடித்துக்கொண்டு, மறுகையை ஆர்டித்துக்குக் குறுக்கே நீட்டி, அவர் பக்கத்துச் சன்னலின் கொக்கியை விடுவித்து, சன்னலைத் திறந்துவிட்டார்.